மூன்றாவது அலசல்

நீலத் துணி பாதியில் தீர்ந்து போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று பிற்பாடு சலவைக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். துணியின் மேல் பழியைப் போடுவதில் ஒரு சௌகரியம், அது வாய் திறந்து மறுக்காது.

பெரிய சலவைக்கூடம் அது. ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஓட்டல் மேசைத் துணிகளும் லாரி லாரியாக வந்து இறங்கும். கீழ்க்கட்டில் துவைப்பு, மேல்கட்டில் இஸ்திரி. நாற்பத்தெட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். இன்ன ஆளுக்கு இன்ன இடம் என்று அதுவரை கிடையாது. ஒரு வாரம் கீழே நனைந்தவள் அடுத்த வாரம் மேலே காய்வாள். புதிதாக வந்த மேஸ்திரிக்கு இந்த மாற்றல் பிடிபடவில்லை. யாரைக் கூப்பிட்டாலும் வேறு யாரோ திரும்பினார்கள். எல்லோருக்கும் ஏப்ரன் தைக்கச் சொன்னார். நீலத் துணி இருபத்துநாலு பேருக்குத்தான் வந்தது. மிச்சப் பேருக்குத் தையல்காரர் காப்பிக் கலரில் தைத்துக் கொண்டுவந்தார்.

"நல்லதாப் போச்சு. நீலம் கீழே, காப்பி மேலே. இனிமே யாரும் மாற வேண்டாம். எனக்கும் ஆள் அடையாளம் தெரியும்" என்றார் மேஸ்திரி.

ஏப்ரன் வாங்க வரிசை நின்றபோது பெரியவளும் சின்னவளும் ஒருத்தி பின் ஒருத்தியாக நின்றார்கள். அக்கா தங்கைகள். முன்னால் நின்றது சின்னவள்தான். ஆனால் பஸ்ஸானாலும் குழாயடியானாலும் முந்திக்கொண்டு போவது பெரியவளின் பிறவிக்குணம். தங்கையின் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு முன்னால் போய்க் கையை நீட்டினாள். கடைசி நீலம் அவள் கையில் விழுந்தது. முதல் காப்பி சின்னவளுக்குப் போனது.

முந்தினவளுக்கு ஈரம், பிந்தினவளுக்கு ஜன்னல். பெரியவள் இதை முதலில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "என் அவசரத்துக்கு ஆண்டவன் கொடுத்த கூலி" என்பாள். பத்து நாளில் அந்தச் சிரிப்பு வற்றிவிட்டது.

கீழ்க்கட்டில் ஆளுயர டிரம்கள் ஆறு ஓடும். தரையில் எந்நேரமும் கணுக்கால் நனைகிற தண்ணீர். சலவைச் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் கலந்த காற்று மூக்கைச் சுடும். ஈரம் குடித்த விரிப்புகளை டிரம்முக்குள்ளிருந்து இழுப்பது, செத்த மாட்டை இழுப்பது போல. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, சுருக்கங்கள் வெடித்து, வெடிப்பில் சோடா இறங்கும். மேல்கட்டிலும் வேலை ஒன்றும் லேசில்லை. இரண்டு பேர் விரிப்பின் முனைகளைப் பிடித்துச் சூடான ரோலருக்குள் விட, அந்தப்பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. ஆனால் அங்கே நாலு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரமும் இருந்தது. கீழிருந்து பார்ப்பவர்களுக்குத் தழும்பு தெரியாது. மரம் தெரியும்.

டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை. அதுதான் பெரியவளின் வீடு. முன்னால் கடையில் பெரியவளின் புருஷன் பஞ்சர் ஒட்டுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கட்டினவனை விட்டு ஒரு பெட்டியோடு வந்த சின்னவள், "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்க்கா" என்றாள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. பெரியவளுக்கு ஒரே மகள், பதின்மூன்று வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. பாப்பாவும் சித்தியும் ஒரே அறையில் படுத்தார்கள், ஒரே சீப்பில் தலை வாரினார்கள், ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று கேட்டால், "ஒண்ணுமில்லைம்மா" என்பாள் பாப்பா.

ஏப்ரன் வந்த மறு மாதமே சமையலறைப் பேச்சு மாறிவிட்டது.

"உங்க ஆளுங்க அனுப்பின விரிப்புல இன்னிக்கு ரத்தக்கறை அப்படியே இருந்துச்சுக்கா. திருப்பிக் கீழே அனுப்பிட்டோம்" என்றாள் சின்னவள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"எங்க ஆளுங்களா? போன மாசம் வரைக்கும் நீயும் அங்கதானேடி நின்னே?"

"நான் நின்னப்போ கறை இருக்காது."

"ஓகோ. மேல ஏறினா கண்ணும் கூர்மையாயிடுமோ?"

"உனக்கு எதைச் சொன்னாலும் குத்துது."

பெரியவளுக்குக் குத்தத்தான் செய்தது. மேல்கட்டுக்காரிகள் கீழே இருப்பவர்களுக்கு 'ஈரக்கோழி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கீழே இருந்தவர்கள் மேலே இருப்பவர்களை 'ஜன்னல் ராணிகள்' என்றார்கள். நேற்றுவரை ஒரே கிண்ணத்தில் கைவிட்டுத் தின்றவர்கள், படியில் எதிரே பார்த்தால் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். ஈரக்கோழிகள் என்றால் சோம்பேறிகள், வாய்க்கொழுப்புக்காரிகள், கிட்ட வந்தால் நாற்றம். ஜன்னல் ராணிகள் என்றால் குலுக்கிகள், கோள்சொல்லிகள், துணியைக் கருக்கிவிட்டுக் கீழே பழி போடுகிறவர்கள். இரண்டு பக்கமும் அடித்துச் சொன்னார்கள். யார் யார் எந்தப் பக்கம் என்று தீர்மானித்தது ஒரு தையல்காரரின் துணிக்கட்டு என்பதை எல்லோருமே மறந்துபோனார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் பாப்பா பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து மகளின் கன்னத்தைத் தடவினாள். பாப்பா வெடுக்கென்று முகத்தை இழுத்துக்கொண்டாள்.

"கை சொரசொரன்னு இருக்கும்மா. பிளீச்சிங் நாத்தம் வேற."

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான்டி வந்தேன்."

"கழுவினாலும் போகலை. சித்தி கையை மோந்து பாரேன். புதுத்துணி வாசனை வரும்."

சின்னவள் உள்ளேயிருந்து, "ஏய், வாயை மூடுடி" என்று அதட்டினாள். அதட்டலில் ஒரு குழைவு இருந்தது. அந்தக் குழைவு பெரியவளுக்குக் கேட்டது. அன்றைக்குக் கையில் எண்ணெய் தேய்த்தாள், எலுமிச்சம்பழத்தோல் தேய்த்தாள். தோல் எரிந்தது. நாற்றம் போகவில்லை.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரைந்த படங்களைப் பெற்றோர்களுக்குக் காட்டுகிற நாள். மேல்கட்டு அரைமணி முன்னால் விடும். கீழ்க்கட்டில் டிரம்களைக் கழுவி வைத்துவிட்டுத்தான் நகர முடியும். "நீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்மா. சித்தி வரட்டும்" என்றாள் பாப்பா. சரி என்றுதான் பெரியவளும் சொன்னாள். ராத்திரிச் சாப்பாட்டில் சின்னவள் கதை சொன்னாள்.

"டீச்சர் என்னைப் பார்த்து, 'அம்மா முகம் அப்படியே பொண்ணுக்கு இருக்கே'ன்னாங்க மாமா. நான் என்னத்தைச் சொல்ல? இவ பேசாம நிக்கிறா."

டயர் கடைக்காரர் சிரித்தார். பாப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"ஏன்டி, நீ சொல்லலையா இது சித்தின்னு?" என்றாள் பெரியவள்.

"சொல்றதுக்குள்ள டீச்சர் அடுத்த ஆளைப் பார்த்துப் போயிட்டாங்கம்மா."

"விடேன், இதுல என்ன வந்துடுச்சு? சித்தி ஜாடை பொண்ணுக்கு இருக்காதா?" என்றார் புருஷன். அவருக்கு டியூபில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தால் தெரியும். வீட்டில் காற்று இறங்கினால் தெரியாது.

கோடை முற்றியது. கீழ்க்கட்டில் ஒருத்தி மயங்கி விழுந்தாள், மேல்கட்டில் இரண்டு பேர் விழுந்தார்கள். மேஸ்திரி இரண்டு கட்டையும் கூப்பிட்டுச் சொன்னார்: "முதலாளி ஒரே ஒரு ஏர்கூலர் வாங்கித் தர்றேன்னுட்டார். இந்த மாசம் எந்தக் கட்டு மேல குறை கம்மியோ, கூலர் அந்தக் கட்டுக்கு." சொல்லிவிட்டுத் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு போனார். ஒரு எலும்பை இரண்டு நாய்க்கு நடுவில் போட்டுவிட்டுப் போகிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் கீழ்க்கட்டுப் பெண்கள் கவிழ்த்த கூடைகளின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் குரல் பெருத்தவள் ஒருத்தி. ஆலைச் சங்கு மாதிரிப் பேசுவதால் சங்கு என்றே பெயர். அவள்தான் ஆரம்பித்தாள்.

"அவளுங்களுக்கு ஜன்னல் இருக்கு, காத்து இருக்கு. கூலரும் போச்சுன்னா நாம இங்க வெந்து சாக வேண்டியதுதான். இன்னிக்கும் ஆறு விரிப்பு திருப்பி அனுப்பியிருக்காளுங்க. கறையாம். எனக்குக் கண்ணு இல்லையா? ஒரு கறையும் இல்லை."

"வேணும்னே பண்றாளுங்க" என்றாள் இன்னொருத்தி.

பெரியவளுக்கு அன்றைக்கு ராத்திரி தட்டைப் பார்த்துக் குனிந்த மகளின் தலை ஞாபகம் வந்தது. வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"மூணாவது அலசலை மட்டும் விட்டுட்டாப் போதும். சோடா துணியிலயே நிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ரோலர்ல ஏறினதும் மஞ்சளாப் பழுத்துடும். கருக்கினது யாருன்னு பேர் வரும்?"

பாதிச் சிரிப்போடுதான் சொன்னாள். "சீ, போடி" என்று யாராவது ஒருத்தி சொல்லியிருந்தால், "சும்மா சொன்னேன்" என்று தானும் சிரித்திருப்பாள். யாரும் சொல்லவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாள். இவள் சம்மதிக்கிறாள் போல என்று அவள் நினைத்தாள், அவள் சம்மதிக்கிறாள் போல என்று இவள் நினைத்தாள். கூடைகள் லேசாகக் கிரீச்சிட்டன.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. தகரப் பெட்டியில் சோறு கொண்டுவந்து தனியாக உட்கார்ந்து தின்கிறவள். அதனால் பெட்டிக்காரி. யாரோடும் ஒட்டமாட்டாள்.

"அது ஆஸ்பத்திரித் துணி. தப்பித்தவறி ஒண்ணு அங்க போச்சுன்னா, பச்சைப் புண்ணோட படுக்கிறவங்க உடம்பை அரிக்கும்" என்றாள்.

எல்லோர் மனசிலும் ஓடிக்கொண்டிருந்ததுதான் அது. அதனாலேயே எல்லோருக்கும் கோபம் வந்தது.

"வந்துட்டா நியாயஸ்தி" என்றாள் சங்கு. "நீ மேல்கட்டு உளவாளியாடி? உன்னை யாரு கேட்டா? நாங்க அலச மாட்டோம். போய் மேஸ்திரி கிட்டச் சொல்லு, பார்க்கிறேன்."

அத்தோடு அது தீர்மானமாகிவிட்டது. பெட்டிக்காரி வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை ஆகியிருக்காது.

அடுத்த நாள் காலையிலிருந்து ஐந்து டிரம்களில் இரண்டு அலசலோடு நிறுத்தினார்கள். பெட்டிக்காரி தன் டிரம்மை மட்டும் மூன்று முறை அலசினாள். பெரியவள் ஒவ்வொரு விரிப்பாக வண்டியில் ஏற்றும்போதும், இத்தோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். சங்கு இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். பெரியவளும் சிரித்தாள்.

பதினோரு மணிக்கு மேல்கட்டில் சத்தம் கேட்டது. முதலில் மேஸ்திரியின் குரல். "கண்ணை எங்க வெச்சுக்கிட்டு ரோலர் ஓட்டுறீங்க? மொத்த லோடும் மஞ்சள்! கூலர் வேணுமாம் கூலர்!" அப்புறம் அவர் முதலாளிக்குப் போன் பண்ணப் போனார்.

ரோலரின் முனையில் நின்றவள் சின்னவள். வருஷக்கணக்கில் கீழேயும் வேலை பார்த்தவள். விரிப்பின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தாள். சுருக்கென்று எரிந்தது.

"சோடா" என்றாள். "அலசாம அனுப்பியிருக்காளுங்க."

இருபது பேர் இரும்புப்படியில் தடதடவென்று இறங்கினார்கள். முன்னால் மஞ்சள் விரிப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சின்னவள். படியடியில் கீழ்க்கட்டு முழுசும் கூடிவிட்டது. ஒருத்தி கையில் துடைப்பக்கட்டை, ஒருத்தி கையில் வாளி. தனியாகப் பார்த்தால் கோழி அறுக்கக்கூடப் பயப்படுகிறவர்கள்தான். நீலமும் காப்பியுமாக எதிரெதிரே நின்றபோது ஒருத்திக்கும் தன் முகம் இல்லை.

"நக்கிப் பாருங்கடி!" என்று விரிப்பைச் சங்கின் முகத்துக்கு நேரே நீட்டினாள் சின்னவள். பிறகு அவள் கண் தேடி அக்காவைக் கண்டுபிடித்தது.

"இது உன் வேலைதானேக்கா? உன்னைத் தவிர யாருக்கு இந்த மூளை வரும்?"

"மரியாதையாப் பேசு. எங்க கட்டுல வந்து நின்னுக்கிட்டு..."

"உனக்கு என்னைப் பொறுக்கலை. நான் மேல நிக்கிறது பொறுக்கலை. உன் பொண்ணு உன்கிட்ட ஒட்டலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது? எல்லாரும் என்னைத்தான் அவ அம்மான்னு நினைக்கிறாங்க, அதுக்கும் நான் என்ன பண்றது?"

இருபத்துநாலு நீலங்களும் இருபது காப்பிகளும் அதைக் கேட்டார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அதே நேரம் பின்னாலிருந்து கூட்டம் முன்னால் நெருக்கியது. கைகள் நீண்டன, ஏப்ரன்கள் கிழிந்தன, கூந்தல்கள் பிடிபட்டன. அந்தக் கைகளுக்கு நடுவே பெரியவளின் இரண்டு உள்ளங்கைகளும் தங்கையின் நெஞ்சில் பதிந்தன. தள்ளின. சோப்புத் தண்ணீரில் சின்னவளின் கால் வழுக்கியது. தள்ளுவண்டியின் இரும்பு விளிம்பில் வலது முழங்கை மோதியது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம் ஒன்று. அதற்கப்புறம் ஆறு டிரம்களும் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

தோளிலிருந்து மணிக்கட்டு வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கையை அசைக்கக்கூடாது. டயர் கடைக்காரர் ஆட்டோவில் கொண்டுவந்து வீட்டில் படுக்க வைத்தார்.

"யாரு தள்ளினது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"கூட்டத்துல யாருக்குத் தெரியும்?" என்றாள் பெரியவள். ரெடியாகச் செய்து வைத்திருந்தது போல வந்தது அந்தப் பதில்.

பாப்பா சித்தியின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். "கீழ்க்கட்டு ஆளுங்கதானே? அவங்க எல்லாருமே அப்படித்தான். சித்தி அப்பவே சொன்னாங்க" என்றாள். அவர்களில் தன் அம்மாவும் ஒருத்தி என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பெரியவளும் ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனாள். டிரம் பக்கத்தில் சங்கு வந்து ஒட்டி நின்று, ஜென்மத்தில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"நான் பார்த்தேன்டி."

பெரியவளுக்குக் கை நின்றது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சரியான தள்ளு. கூடப்பிறந்தவள்னுகூடப் பார்க்காம நம்ம கட்டு மானத்தைக் காப்பாத்திட்டே." சங்கு தன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப்பழத்தை எடுத்து அவள் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தப் பழத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏப்ரன் பையில் போட்டாள். நாள் பூராவும் தொடையில் இடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் மேஸ்திரி இரண்டு கட்டையும் முற்றத்தில் நிறுத்தினார்.

"அலசாம விட்டது யாரு, அந்தப் பொண்ணைத் தள்ளினது யாரு? எனக்குப் பேர் வேணும். இல்லைன்னா கட்டுக்குப் பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்புவேன். யாரை அனுப்புவேன்னு எனக்கே தெரியாது."

வெயில் தலையைப் பிளந்தது.  கொஞ்ச நேரம் கழித்து நீலப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "பெட்டிக்காரி அன்னிக்குக் காலையிலேர்ந்தே தனியாத்தான் நின்னா. எங்களோட சேரவே இல்லை."

"ஆமா, அவ ஒரு மாதிரிதான்" என்றது காப்பிப் பக்கம்.

"யார்கூடவும் பேசமாட்டா. மனசுக்குள்ள என்ன இருக்குமோ."

"சண்டையப்போ நான் பார்த்தேன், அவ கண்ணே சரியில்லை."

ஒருத்தி தொடங்கினதை இன்னொருத்தி நீட்டினாள், மூன்றாமவள் முடிச்சுப் போட்டாள். நாலு மாசமாகச் சேராத இரண்டு கட்டும் எண்ணெயும் திரியும் போலச் சேர்ந்துகொண்டது. "என்னம்மா சொல்றே?" என்று மேஸ்திரி கேட்டதற்குப் பெட்டிக்காரி, "நான் மூணு தடவை அலசினேன்" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. பேசிப் பழக்கமில்லை அவளுக்கு. "அவதானே?" என்று மேஸ்திரி பொதுவாகக் கேட்டார். நாற்பது தலைகள் ஆடின. அவற்றில் பெரியவளின் தலையும் ஆடியது.

நாளையோடு பெட்டிக்காரிக்கு வேலை இல்லை என்று முடிவாயிற்று. அன்று மத்தியானம் மேல்கட்டிலிருந்து நாலு பேர் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார்கள். கிண்ணங்கள் கை மாறின. சங்கு பெரிய குரலில் ஜோக் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பெட்டிக்காரி கடைசி நாள் என்றும் பாராமல் தன் டிரம்மை அலசிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பெரியவள் தங்கைக்குச் சோறு ஊட்ட உட்கார்ந்தாள். முட்டையை உதிர்த்துச் சோற்றில் பிசைந்து ஒரு கவளம் கொடுத்தாள். சின்னவள் மென்றுகொண்டே சொன்னாள்:

"எங்க கட்டுலேர்ந்து ரெண்டு பேர் வந்து பார்த்துட்டுப் போனாங்க. பெட்டிக்காரிதான் தள்ளினான்னு முடிவாயிடுச்சாமே?"

"ம்."

"அவ ஓரமா டிரம் பக்கத்துலதானே நின்னா? யாரு தள்ளினதுன்னு நான் பார்க்கலை. ஆனா அவ என் பக்கத்துலயே வரலை."

"அதை அவங்க கிட்டச் சொன்னியா?"

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். "சொல்ல வாய் வந்துச்சுக்கா. ரெண்டு பேரும் எவ்வளவு சந்தோஷமாச் சொன்னாங்க தெரியுமா? சண்டை தீர்ந்துச்சு, எல்லாரும் ஒண்ணாச் சாப்பிட்டோம்னு. நான் எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

பெரியவள் அடுத்த கவளத்தை உருட்டினாள். கை பாதியில் நின்றது.

"நான்தான்டி தள்ளினேன்."

சின்னவள் வாய் திறந்தபடி இருந்தது. மெதுவாக மூடிக்கொண்டாள்.

"கூட்டத்துல கை பட்டுடுச்சா?"

இல்லையென்று சொல்ல ஒரு நிமிஷம் பிடித்தது. ஆமாம் என்று சொல்லிவிடலாம். தங்கையே வழி காட்டிக் கொடுக்கிறாள்.

"இல்லை. வேணும்னுதான்."

பக்கத்து அறையில் பாப்பா மனப்பாடம் பண்ணுகிற சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. சின்னவள் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாவுக்கட்டு இருப்பதால் உடம்பைத் திருப்ப முடியவில்லை.

"அலசலை விடச் சொன்னதும் நான்தான். அன்னிக்கு டீச்சர் கதையைச் சொல்லிச் சிரிச்சியே, அப்பவே எனக்கு..."

"என்கிட்ட ஏன் சொல்றே?" என்றது சுவர்ப் பக்கத்துக் குரல். "என்கிட்டச் சொல்லிட்டா உனக்குப் பாரம் இறங்கிடும். அவளுக்கு? போய் அங்க சொல்லு."

காலையில் வாசலில் மேஸ்திரி நிற்க, பெட்டிக்காரி ஏப்ரனை மடித்து அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே போகிற பெண்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் போனார்கள். பெரியவள் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். சங்கு அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"என்னடி பண்ணப் போறே? எல்லாம் அடங்கிப் போச்சு. நீ வாயைத் திறந்தா நம்ம எல்லாருக்கும்தான் பேர் கெடும்."

பெரியவள் கையை உதறிக்கொண்டாள். மேஸ்திரியிடம் போய் நின்றாள். குரல் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது.

"இவ இல்லைங்க. அலசலை விடலாம்னு சொன்னது நான். என் தங்கச்சியைத் தள்ளினது நான். இவ ஒருத்தி மட்டும்தான் வேண்டாம்னு சொன்னா."

மேஸ்திரி அவளையும் பெட்டிக்காரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மடித்த ஏப்ரனைப் பெட்டிக்காரியிடமே திருப்பிக் கொடுத்தார். பெரியவள் தன்னுடையதை அவிழ்த்துக் கொடுத்தாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கலரும் கலந்து நின்றது. ஒரு முகத்திலும் கோபம்கூட இல்லை. பஸ் வருகிறதா என்று பார்க்கிறவர்கள் மாதிரி அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்தார்கள். "காட்டிக்கொடுத்துட்டா பாரு" என்று ஒரு முணுமுணுப்பு மட்டும் கேட்டது. தன்னைத்தானே காட்டிக்கொடுத்ததைத்தான் சொன்னார்கள்.

பெட்டிக்காரி ஏப்ரனைக் கட்டிக்கொண்டே அவளைக் கடந்து போனாள். நன்றி சொல்வாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாளோ என்னவோ, முகத்தைப் பார்த்தாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாம். ராத்திரி பூரா என் பிள்ளைங்க அழுதுச்சு" என்றாள் பெட்டிக்காரி. உள்ளே போய்விட்டாள்.

கூலர் கடைசியில் மேஸ்திரியின் அறைக்குப் போயிற்று என்று கேள்வி.

பெரியவள் புருஷனின் கடையில் உட்கார்ந்தாள். டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கிற வேலை. நடந்ததையெல்லாம் அவள் சொன்ன அன்று அவர் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். பிறகு, "நான் அன்னிக்குச் சிரிச்சிருக்கக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனார். பாப்பா அம்மாவைக் கண்டால் அறைக்குள் போய்விடுவாள். நாலாம் நாள் அவளாகவே வந்து, கடைத்தொட்டியின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். ஏதோ கேட்க வந்தவள் போலிருந்தது. கேட்கவில்லை.

சின்னவள் பேசவே இல்லை. ஆனால் இடது கையால் தின்னவும் வராது அவளுக்கு. ஆகவே தினம் மூன்று வேளையும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். பெரியவள் ஊட்டுவாள், சின்னவள் வாயைத் திறப்பாள். கண்கள் மட்டும் கூரையில் இருக்கும். போதும் என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். கோபத்தோடு ஒருத்தி வாயைத் திறப்பதும், குற்றத்தோடு ஒருத்தி ஊட்டுவதும் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். பார்க்க அங்கே யாரும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், கவளத்தை விழுங்கிவிட்டுச் சின்னவள் கூரையைப் பார்த்தே பேசினாள்.

"அன்னிக்கு நானும் உன்னைக் கொஞ்சறதுக்குப் படி இறங்கலை. மேஸ்திரி திட்டினதெல்லாம் பாதிப் படியிலயே மறந்து போச்சு. நீ எங்க நிக்கிறேன்னுதான் தேடினேன்."

பெரியவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வீடு இருக்கு. மாமா இருக்கார். பொண்ணு இருக்கா. எனக்கு ஒரு பெட்டி. உன் வீட்டுல ஒவ்வொரு வாய் சோறு திங்கும்போதும் எனக்கு எரியும்க்கா. எரியறதுக்கு நீ ஒரு தப்பும் பண்ணலைங்கிறதுல இன்னும் எரியும்." நிறுத்தினாள். "அந்த டீச்சர் கிட்ட பாப்பா சொல்லத்தான் வந்தா. 'இது எங்க அம்மா இல்லை'ன்னு வாயெடுத்தா. நான்தான் அவ கையைப் பிடிச்சு அமுக்கினேன். சொல்லாதேன்னு."

பெரியவளின் உள்ளங்கைகளில் பழைய சூடு ஏறியது. படியடியில் ஏறின அதே சூடு. போய்த் தொலைந்தது என்று நினைத்திருந்தாள். எங்கேயும் போகவில்லை, பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறது. தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முன்னால் மாவுக்கட்டோடு சுவரில் சாய்ந்திருந்தவள் முதல் தடவையாகக் கூரையை விட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். பயந்த மாதிரியும் இருந்தது, எது வந்தாலும் வரட்டும் என்கிற மாதிரியும் இருந்தது.

தட்டில் இன்னும் பாதிச் சோறு இருந்தது. பெரியவள் மிச்ச முட்டையையும் சேர்த்துப் பிசைந்து அடுத்த கவளத்தை உருட்டினாள். வேண்டுமென்றே கொஞ்சம் பெரிசாக உருட்டினாள்.

"ஆ காட்டு" என்றாள்.